இருமுனை நெபுலாவுக்குள் வாயு எப்படி ஓடுகிறது? படத்திலிருந்து வேகக் கணக்கு வரை ஒரு முழு வழிகாட்டி

விருச்சிக விண்மீன் குழுவில் இருக்கும் என்ஜிசி 6302-ஐ ஹபிள் தொலைநோக்கி எடுத்த படம் உங்கள் கண்ணில் எப்போதாவது பட்டிருக்கும். பட்டாம்பூச்சி நெபுலா என்றால் சட்டென்று ஞாபகம் வரும்: ஒடுங்கிய இடுப்பு, இரண்டு பக்கமும் கிழிந்த துணி மாதிரி விரிந்த சிறகுகள். அந்தப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் பாருங்கள். எந்தச் சிறகு நம் பக்கம் வருகிறது, எது நம்மை விட்டுப் போகிறது? எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. படத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் கிடையாது.

அந்த ஆழத்தை வேகத்திலிருந்து எடுக்கலாம். வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது அதன் ஒளியிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் தட்டையான படம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அதைப் படிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். பள்ளி அளவு முக்கோணவியல் போதும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாகும் விண்மீன் கக்கிய இந்த மாதிரி வாயு மேகங்களைக் கோள் நெபுலா என்கிறோமே தவிர, கோளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1780-களில் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் இவை கோளைப் போல வட்டத் தட்டாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தொடங்கும் முன்: எந்தக் காற்று எதைத் தள்ளுகிறது

சூரியனைப் போன்ற விண்மீனும், அதைவிடச் சில மடங்கு நிறை கூடியதும், கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்துச் சிவப்பு ராட்சதன் ஆகின்றன. அப்போது அவற்றின் வெளி வாயு நொடிக்கு 10 முதல் 15 கி.மீ. வேகத்தில் கசிந்து வெளியேறுகிறது. விண்மீன்கள் விஷயத்தில் இது ஆமை வேகம். ஆனால் வெளியேறும் அளவு கொஞ்சநஞ்சமில்லை. உச்சக் கட்டத்தில், அதே வீதம் நீடித்தால் 10,000 ஆண்டுகளில் ஒரு சூரியனின் நிறையே காலியாகிவிடும்.

வெளியுறை தீர்ந்ததும் உள்ளே இருந்த சூடான கரு வெளியே தெரிகிறது. அதிலிருந்து வரும் காற்று மெலிந்தது, ஆனால் வேகம் நொடிக்கு 1,000 கி.மீ.-க்கு மேல். இந்த வேகக் காற்று முன்னால் போன மந்தக் காற்றைப் பின்னாலிருந்து மோதி, அள்ளி, ஓடு மாதிரி குவிக்கிறது. 1978-இல் சன் க்வோக்கும் அவருடைய இரு சகாக்களும் முன்வைத்த விளக்கம் இது.

இதை மட்டும் வைத்தால் உருண்டையான நெபுலாதான் கிடைக்கும். உடுக்கை வடிவம் வர இன்னொன்று தேவை. மந்தக் காற்று எல்லாத் திசையிலும் ஒரே அடர்த்தியாக இல்லாமல் நடுக்கோட்டுப் பகுதியில் தடித்திருந்தால், உள்ளிருந்து வரும் அழுத்தம் எளிய வழியைத் தேடி இரு முனைகளின் பக்கம் பாயும். பலூனின் இடுப்பில் பெல்ட் கட்டிவிட்டு ஊதுவதைப் போல. புரூஸ் பாலிக் 1987-இல் கோள் நெபுலாக்களின் வடிவங்களை இந்த அடிப்படையில் வரிசைப்படுத்தினார். அந்தத் தடித்த வளையத்தை டோரஸ் என்பார்கள்.

1998-இல் ராகவேந்திர சகாயும் ஜான் டிராகரும் ஹபிள் எடுத்த இளம் நெபுலாக்களின் படங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு வேறொன்று சொன்னார்கள்: வேகக் காற்று கிளம்புவதற்கு முன்பே, குறுகிய பீச்சல்கள், அதாவது ஜெட்கள், உறையைத் துளைத்து வடிவத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. இன்றைக்கு இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வடிவத்தைக் கீறுவது ஜெட், பிறகு அதை ஊதி விரிப்பது காற்று. எந்த நெபுலாவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வேகத்தை அளந்துதான் சொல்ல முடியும்.

படி 1: எந்த வாயு எந்த வேகத்தில் என்று ஒரு வரைவு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே நெபுலாவில் நாலைந்து விதமான ஓட்டங்கள் இருக்கும். நடுக்கோட்டு டோரஸ் நொடிக்கு 5 முதல் 15 கி.மீ.யில் ஊர்ந்து விரியும். மடல்களின், அதாவது இரு பக்கச் சிறகுகளின், சுவர்கள் சில பத்து கி.மீ. முதல் 100, 200 வரை போகும். முனைகளில் தெரியும் சின்ன முடிச்சுகள் நூற்றுக்கணக்கில் பறக்கும். மணற்கடிகார நெபுலா எனப்படும் மைசிஎன் 18-இல் நொடிக்கு 500 கி.மீ.யைத் தாண்டிய முடிச்சுகள் கிடைத்திருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், வேகக் காற்று மோதிச் சூடான குமிழி இருக்கிறது. நொடிக்கு 1,000 கி.மீ. வேகக் காற்று மோதி நின்றால் வெப்பநிலை சுமார் 1.4 கோடி கெல்வின் ஆக வேண்டும். சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி பூனைக்கண் நெபுலா போன்றவற்றில் அளந்ததோ சில பத்து லட்சம் கெல்வின்தான். குமிழிக்கும் அதைச் சுற்றிய குளிர்ந்த ஓட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தப்படுவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஓர் எண்ணை மட்டும் மறக்காதீர்கள்: அயனியான வாயுவின் வெப்பநிலை சுமார் 10,000 கெல்வின், அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 10 கி.மீ.க்குச் சற்று மேல். ஆக டோரஸைத் தவிர மற்ற எல்லாமே ஒலியைவிட வேகமாக ஓடுகின்றன. அதனால்தான் எங்கே பார்த்தாலும் கூர்மையான விளிம்புகளும் அதிர்ச்சி அலைகளும் தெரிகின்றன.

படி 2: சரியான நிறமாலைக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கைபோவது ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டின் மேல்தான். 656.3 நானோமீட்டரில் பளிச்சென்று எரியும், சிவப்பாக இருக்கும், எல்லாக் கருவியிலும் கிடைக்கும். ஆனால் வேகம் அளக்க அது அவ்வளவு நல்ல கோடு இல்லை. ஹைட்ரஜன் அணு லேசானது. 10,000 கெல்வினில் அது தானாகவே அங்குமிங்கும் துள்ளுவதால் கோடு நொடிக்கு சுமார் 21 கி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். நைட்ரஜன் அணு 14 மடங்கு கனம். அதே வெப்பநிலையில் அதன் கோட்டு அகலம் சுமார் 6 கி.மீ.தான். டோரஸ் 8 கி.மீ. வேகத்தில் விரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஹைட்ரஜனில் ஒன்றும் பிரியாது, நைட்ரஜனில் அழகாகப் பிரியும்.

வசதி என்னவென்றால், 658.3 நானோமீட்டர் நைட்ரஜன் கோடு ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பதிவில் இரண்டும் கிடைத்துவிடும். இருமுனை நெபுலாக்களில் நைட்ரஜன் பெரும்பாலும் மிகுதி என்பதால் பல சமயம் அது ஹைட்ரஜனையே விஞ்சி ஒளிரும்.

அப்புறம் 500.7 நானோமீட்டர் பச்சைக் கோடு, இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனிலிருந்து வருவது. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையில் இதைப் பார்த்தபோது எந்தத் தனிமத்துடையது என்று யாருக்கும் விளங்கவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பனை செய்தார்கள். 1927-இல்தான் ஐரா போவன் அது ஆக்சிஜன் என்று கண்டுபிடித்தார். வேகம் அளப்பவருக்கு இந்தக் கோட்டில் வேறு பயன் உண்டு. அதிகம் அயனியான வாயு விண்மீனுக்கு அருகே இருக்கும், நைட்ரஜன் கோடு தரும் வாயு சற்றுத் தள்ளி வெளியே இருக்கும். ஒலின் வில்சன் 1950-இல் பல நெபுலாக்களை அளந்து, உள்ளே இருக்கும் அயனிகள் மெதுவாகவும் வெளியே இருப்பவை வேகமாகவும் விரிவதைக் காட்டினார். ஆகவே ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் அடுக்கின் வேகத்தைச் சொல்கிறது. ஒரே நெபுலாவுக்கு ஒரே விரிவு வேகம் என்று யாராவது ஓர் எண்ணைக் கொடுத்தால், எந்தக் கோட்டில் என்று கேளுங்கள்.

படி 3: ஸ்லிட்டை எங்கே வைப்பது

நிறமாலைமானியின் முன்னால் ஸ்லிட் எனப்படும் மெல்லிய பிளவு இருக்கும். அதன் வழியே நுழையும் ஒளி மட்டும்தான் பிரிக்கப்படும். குறைந்தது இரண்டு பதிவுகள் வேண்டும்: மையத்தின் வழியாக அச்சு நெடுக ஒன்று, இடுப்புக்குக் குறுக்கே ஒன்று. வசதி இருந்தால் மடல்களைக் குறுக்கே வெட்டி இன்னும் சில.

கருவியின் பிரிதிறன் 30,000 இருந்தால் நொடிக்கு 10 கி.மீ. வித்தியாசம் தெரியும். சொந்தமாகத் தொலைநோக்கி வேண்டும் என்பதில்லை. மெக்சிகோவின் சான் பெட்ரோ மார்ட்டிர் ஆய்வகத்தின் 2.1 மீட்டர் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக எடுக்கப்பட்ட கோள் நெபுலா நிறமாலைகள், வேக அட்டவணையாகவே தொகுக்கப்பட்டு எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

படி 4: இட-வேக வரைபடத்தைப் படிப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகம். அவசரப்படாமல் படியுங்கள்.

பதிவில் ஒரு பக்கம் ஸ்லிட்டின் நெடுகே உள்ள இடம், மறு பக்கம் அலைநீளம். அலைநீளத்தை வேகமாக மாற்றிக்கொள்ளலாம்: நைட்ரஜன் கோட்டில் 0.1 நானோமீட்டர் நகர்வு என்றால் நொடிக்கு சுமார் 45 கி.மீ. நீலப் பக்கம் நகர்ந்தால் நம்மை நோக்கி, சிவப்புப் பக்கம் நகர்ந்தால் விலகி. இப்போது கிடைக்கும் படத்துக்குப் பெயர் இட-வேக வரைபடம்.

உருண்டையாக விரியும் குமிழி ஒன்று எப்படித் தெரியும்? நடுவில் முன் சுவர் நம்மை நோக்கி, பின் சுவர் விலகி, ஆக இரண்டு வேகங்கள். விளிம்பில் வாயு குறுக்கே போவதால் வேகம் பூஜ்யம். எல்லாம் சேர்ந்து ஒரு நீள்வட்டம்.

உடுக்கை வடிவத்துக்கு? வடக்கு மடல் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மடலுக்கும் முன் சுவர், பின் சுவர் உண்டு. முன் சுவர் நன்றாக நீலத்துக்குத் தள்ளியிருக்கும், பின் சுவர் கொஞ்சம்தான் தள்ளியிருக்கும். இரண்டும் சேர்ந்து நீலப் பக்கம் சாய்ந்த ஒரு வளையம். தெற்கு மடலில் இதன் நேர் எதிர், சிவப்புப் பக்கம் சாய்ந்த வளையம். இரண்டும் நடுவில் தொட்டுக்கொள்ளும். பார்ப்பதற்குச் சாய்த்துப் போட்ட 8 மாதிரி இருக்கும்.

அந்த 8-இன் நடுவில் டோரஸைத் தேடுங்கள். வேடிக்கை இங்கேதான். வடக்கு மடல் நம் பக்கம் சாய்ந்தால், டோரஸின் நமக்கு அருகிலுள்ள பாதி தெற்கே தெரியும். அது விரிவதால் நம்மை நோக்கி வரும், அதாவது நீலம். ஆக மடல்கள் வடக்கில் நீலம், டோரஸ் தெற்கில் நீலம். வரைபடத்தில் இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்து நிற்கும். இதைக் கண்டால் நீங்கள் வடிவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று நம்பலாம். படத்திலும் சரிபார்க்கலாம்: டோரஸின் அருகுப் பாதியில் உள்ள தூசு, விலகிப் போகும் மடலின் அடிப்பகுதியை மறைத்து இருட்டடிக்கும்.

இந்தச் சோதனை என்னை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. காப்பகத்திலிருந்து எடுத்த ஒரு பதிவில் ஸ்லிட்டின் வடக்கு முனை எது, தெற்கு முனை எது என்பதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, முழு மாதிரியையும் வரைந்து முடித்துவிட்டேன். டோரஸும் மடல்களும் எதிரெதிராகச் சாய்ந்துதான் இருந்தன, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே தலைகீழாகியிருந்தன. தூசு மட்டும் ஒத்துவரவில்லை. நம்மை நோக்கி வருவதாக நான் குறித்த மடலின் அடிதான் கறுத்திருந்தது. இரண்டு நாள் தூசு விசித்திரமாக இருக்கிறது என்று தலையைச் சொறிந்த பிறகுதான் திசை தப்பு என்று உறைத்தது.

அச்சு வானத் தளத்திலேயே கிடந்தால், அதாவது நம் பார்வைக்கு நேர் குறுக்காக இருந்தால், மடல்கள் நீலத்துக்கும் போகாது, சிவப்புக்கும் போகாது. சுவர்கள் விரிவது மட்டும் தெரியும், முக்கியமான வேகம் ஒளிந்துகொள்ளும். மாறாக அச்சு நம்மைக் குறிபார்த்து நின்றால் வேகம் முழுதாகக் கிடைக்கும், ஆனால் படத்தில் வடிவம் வெறும் வட்டம். வளைய நெபுலா எம்57-ஐ நாம் ஏறத்தாழ அதன் அச்சின் வழியாகவே பார்க்கிறோம். அது வளையமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் நாம் நிற்கும் இடம்.

படி 5: பூஜ்யம் எது

நெபுலா முழுவதுமே பால்வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியும் சூரியனை நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. முதலில் பூமியின் பங்கைக் கழியுங்கள், எடுத்த தேதியும் நேரமும் தெரிந்தால் மென்பொருளே செய்துவிடும். அடுத்து, டோரஸின் நீல, சிவப்பு முனைகளின் சராசரியை நெபுலாவின் சொந்த வேகம் என்று எடுத்துக்கொண்டு அதையும் கழியுங்கள். மடல்களின் முனைகளைச் சராசரிக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. இரண்டு மடல்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பது அரிது.

படி 6: சாய்வைக் கண்டுபிடித்து உண்மையான வேகத்துக்கு வருவது

படி 4-இல் பார்த்த நீல, சிவப்பு நகர்வுக்கு டாப்ளர் நகர்வு என்று பெயர். அது தருவது பார்வைக் கோட்டின் நெடுகே உள்ள வேகம் மட்டும். முழு வேகத்துக்கு அச்சின் சாய்வு தெரிய வேண்டும். நல்லவேளையாக டோரஸ் உதவிக்கு வருகிறது. அது உண்மையில் வட்டம், சாய்வால் நீள்வட்டமாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது.

கற்பனையாக ஒரு நெபுலாவை எடுப்போம். டோரஸின் நீள விட்டம் 6 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு), குறுகிய விட்டம் 3. விகிதம் 0.5. கொசைன் 0.5 தரும் கோணம் 60 பாகை. இதுதான் அச்சுக்கும் நம் பார்வைக் கோட்டுக்கும் இடையிலான கோணம். மடலின் முனையில் அளந்த வேகம் நொடிக்கு 50 கி.மீ. என்றால், உண்மையான வேகம் 50-ஐ 0.5-ஆல் வகுத்தால் 100 கி.மீ. வானத்தின் குறுக்கே அதன் பங்கு, சைன் 60 பாகையால் பெருக்கினால், சுமார் 87 கி.மீ.

படி 7: வயதைக் கணக்கிடுவது

அதே நெபுலா 1,000 பார்செக், அதாவது சுமார் 3,260 ஒளியாண்டு தொலைவில் இருக்கட்டும். மடல் முனை விண்மீனிலிருந்து 20 ஆர்க்செகண்ட் தள்ளித் தெரிகிறது. ஆர்க்செகண்டைப் பார்செக்கால் பெருக்கினால் நேராக வானியல் அலகில், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரத்தின் மடங்கில், விடை வரும்: 20,000. நொடிக்கு 1 கி.மீ. என்பது ஆண்டுக்கு 0.211 வானியல் அலகு. ஆக 87 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 18-க்குச் சற்று மேல். 20,000-ஐ அதனால் வகுத்தால் சுமார் 1,100 ஆண்டு.

இப்போது சாய்வில் 10 பாகை பிழை இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோணம் 50 பாகை என்றால் வயது சுமார் 1,600 ஆண்டு, 70 பாகை என்றால் சுமார் 700. தொலைவும் வேகமும் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பிரயோஜனமில்லை, சாய்வு வயதை ஆட்டிவைக்கிறது. நெபுலாவின் வயது என்று எங்கே ஓர் எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது சாய்வு எப்படி அளக்கப்பட்டது என்பதைத்தான்.

டோரஸுக்கும் இதே கணக்கு. ஆரம் 3 ஆர்க்செகண்ட், விரிவு வேகம் 10 கி.மீ. என்றால் வயது சுமார் 1,400 ஆண்டு. அதாவது டோரஸ் முந்தி, மடல்கள் 300 ஆண்டு பிந்தி. எண்கள் என் கற்பனை என்றாலும் போக்கு உண்மையானது. பல இளம் நெபுலாக்களில் டோரஸ் முதலில் வெளியேறி, சில நூறு ஆண்டுகளுக்குள் ஜெட்கள் கிளம்பியிருக்கின்றன என்று அளவீடுகள் காட்டுகின்றன.

தொலைவே தெரியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு ஹபிள் படங்களை ஒப்பிட்டு, விளிம்பு எத்தனை ஆர்க்செகண்ட் நகர்ந்தது என்று அளந்து, டாப்ளர் வேகத்தோடு சேர்த்தால் தொலைவு வரும். ஓர் எச்சரிக்கை: படத்தில் நகர்வது அதிர்ச்சி அலையின் விளிம்பு, டாப்ளர் அளப்பது வாயுவை. கூட்டம் கலையும்போது முண்டியடிக்கும் அலை ஒருவர் நடப்பதைவிட வேகமாகப் பரவுவதைப் போல, விளிம்பு வாயுவைவிட வேகமாக முன்னேறும். இதைத் திருத்தாமல் விட்டால் தொலைவு குறைவாக வந்துவிடும்.

படி 8: தள்ளப்பட்டதா, எறியப்பட்டதா

இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன ஜெட், காற்று விவகாரம் தீர்கிறது. வரைபடத்தில் மையத்திலிருந்து முனைவரை வேகம் எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். தூரம் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகிறதா? அப்படியானால் எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எறியப்பட்டவை. வேகமானது தூரம் போய்விட்டது, மெதுவானது அருகே நிற்கிறது. வெடித்த பட்டாசின் துகள்களைப் போல. வானியலில் இதை ஹபிள் வகை ஓட்டம் என்பார்கள். பிரபஞ்ச விரிவோடு ஒற்றுமை அந்த விகிதத்தில் மட்டும்தான்.

என்ஜிசி 6302 இதற்கு நல்ல உதாரணம். ஜான் மீபர்னும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட அளவீட்டில் அதன் வடமேற்கு மடலில் வேகம் தூரத்தோடு சீராகக் கூடி, நொடிக்கு 600 கி.மீ. வரை போகிறது. பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. அத்தனை பெரிய சிறகு, ஒரு குறுகிய காலச் சீற்றத்தின் விளைவு.

இப்படிப்பட்ட நெபுலாவில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. வேகமும் தூரமும் ஒரே விகிதம் என்றால், பார்வைக் கோட்டு வேகம் பார்வைக் கோட்டுத் தூரத்தின் அளவுகோலாகிவிடும். இட-வேக வரைபடம் என்பது அந்த நெபுலாவைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படமாகவே மாறிவிடும். நாம் ஒருபோதும் போய் நின்று பார்க்க முடியாத கோணம். வொல்ஃப்காங் ஸ்டெஃபனும் சகாக்களும் உருவாக்கிய ஷேப் என்ற மென்பொருள் இதை வைத்து முப்பரிமாண மாதிரியைக் கட்ட உதவுகிறது.

விகிதம் நேராக இல்லாமல், சுவர் முழுக்க ஏறத்தாழ ஒரே வேகம் இருந்தாலோ, சுவர் தனக்குச் செங்குத்தாக நகர்ந்தாலோ, உள்ளே சூடான குமிழியின் அழுத்தம் இன்னும் வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். பல நெபுலாக்களில் இரண்டும் கலந்தே இருக்கும்: முனைகள் எறியப்பட்டவை, அடிப்பகுதி இன்னும் ஊதப்படுவது.

படி 9: எம்2-9 வைக்கும் இரண்டு பொறிகள்

1947-இல் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி கண்டுபிடித்த எம்2-9, இரட்டை ஜெட் நெபுலா என்றும் அழைக்கப்படுவது, இதுவரை சொன்ன விதிகளை எல்லாம் மதித்துப் படிப்பவரையே ஏமாற்றக்கூடியது.

முதல் பொறி: அதன் வெளி மடல்கள் இரண்டுமே சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. ஒன்று நீலமாக இருந்தாக வேண்டுமே? காரணம், அங்கிருந்து வரும் ஒளி அந்த வாயுவின் சொந்த ஒளி இல்லை. நடுவிலிருந்து கிளம்பிய ஒளி, வெளியே ஓடும் தூசில் பட்டு நம் பக்கம் திரும்புகிறது. தூசு ஒளி மூலத்திலிருந்து விலகிப் போவதால் அது பெறும் ஒளியே ஏற்கெனவே சிவந்துதான் வருகிறது. ஓடும் கண்ணாடியில் பார்க்கும் பிம்பம் மாதிரி. எந்த மடலானாலும் அதே கதை. ஒளி முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, அளந்தால் இது தெரிந்துவிடும், சிதறிய ஒளி நன்றாக முனைவாக்கம் அடைந்திருக்கும்.

இரண்டாம் பொறி: உள் மடல்களில் இருக்கும் பிரகாசமான முடிச்சுகள் ஆண்டுக்கு ஆண்டு பக்கவாட்டில் இடம் மாறுகின்றன. வாயுதான் குறுக்கே ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால் நம்ப முடியாத வேகம் வரும். உண்மையில் நடுவிலிருந்து ஒரு கற்றை கலங்கரை விளக்கம் மாதிரி சுழன்று, மடலின் சுவரில் வெவ்வேறு இடங்களை ஒளிரவைக்கிறது. சுற்றுக் காலம் சுமார் 90 ஆண்டு. நடுவில் ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்கள் இருப்பதற்கான சாட்சி அது.

ஆக ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வேகத்தை எழுதும் முன், ஒளிர்வது எது, நகர்வது எது என்று தனித்தனியே கேட்டுவிடுங்கள்.

படி 10: குளிர்ந்த வாயுவையும் விட்டுவிடாதீர்கள்

கண்ணுக்குத் தெரியும் ஒளி அயனியான வாயுவை மட்டும் காட்டும். இளம் நெபுலாக்களில் நிறையில் பெரும்பகுதி மூலக்கூறுகளாக, குளிராக, இருட்டில் இருக்கிறது. அதைப் பிடிக்க கார்பன் மோனாக்சைடின் மில்லிமீட்டர் அலைகள் வேண்டும், 115 மற்றும் 230 கிகாஹெர்ட்ஸ். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 66 ஆண்டெனாக்களுடன் இருக்கும் ஆல்மா இதில் கெட்டிக்காரன்.

பூமராங் நெபுலாவில் நொடிக்கு சுமார் 164 கி.மீ. வேகத்தில் விரியும் வாயு, விரிவதாலேயே குளிர்ந்து சுமார் 1 கெல்வினுக்கு இறங்கியிருக்கிறது. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் 2.7 கெல்வினைவிடக் குளிர். செஞ்செவ்வகம் எனப்படும் எச்டி 44179-இல் நடுக்கோட்டு வாயு விரியாமல், கோள்கள் சூரியனைச் சுற்றுவதைப் போல மையத்திலுள்ள இரட்டை விண்மீனைச் சுற்றுகிறது. வரைபடத்தில் இதை அடையாளம் காண்பது எளிது: மையத்துக்கு அருகே வேகம் கூடும், தள்ளிப் போகப் போகக் குறையும். விரிவுக்கு நேர் மாறு.

படி 11: வாயுவை இப்படி எறிய யாருக்குத் தெம்பு இருக்கிறது

வேகமும் நிறையும் கையில் வந்ததும் இரண்டையும் பெருக்கி உந்தத்தைப் பாருங்கள். வலென்டின் புஜாராபலும் குழுவினரும் 2001-இல் பல இளம் நெபுலாக்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். விண்மீனின் ஒளி அழுத்தத்தால் அத்தனை உந்தத்தைக் கொடுக்கவே முடியாது என்று தெரிந்தது. சிலவற்றில் தேவைக்கும் கையிருப்புக்கும் உள்ள இடைவெளி ஆயிரம் மடங்கு. தனி விண்மீனால் ஆகாத காரியம்.

சந்தேகம் துணை விண்மீன் மேல் விழுகிறது. ராட்சதனின் வாயு துணையின் மேல் விழுந்து வட்டாகச் சுழலும்போது, அந்த வட்டின் இரு பக்கமும் ஜெட்கள் பீறிடலாம். அல்லது துணை ராட்சதனின் உறைக்குள்ளேயே மூழ்கி, சுற்றுப்பாதை ஆற்றலைச் செலவழித்து, உறையை நடுக்கோட்டின் பக்கமாக வெளியே தள்ளலாம். டோரஸுக்கு அது விளக்கம் தரும். ஃபிளெமிங் 1 என்ற நெபுலாவின் மையத்தில் 1.2 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரட்டை இருப்பதை 2012-இல் ஹென்றி போஃபினும் குழுவினரும் காட்டினார்கள். அதன் ஜெட்கள் திசை மாறி மாறி வளைந்திருப்பதற்கும் இரட்டை பொருந்துகிறது.

அதைவிட எனக்குப் பிடித்த சான்று 2016-இல் டாட் ஹில்விக் தலைமையிலான குழு தந்தது. அவர்கள் எடுத்தது எட்டு நெபுலாக்கள். ஒவ்வொன்றிலும் மைய இரட்டையின் சுற்றுப்பாதைச் சாய்வு ஒரு பக்கம், வாயுவின் வடிவத்தையும் வேகத்தையும் சேர்த்து எடுத்த நெபுலாவின் சாய்வு மறு பக்கம். எட்டிலும் இரண்டும் ஒத்துப்போயின.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் என்ஜிசி 6302. பெரியது, பிரகாசமானது, வேகம் தாராளமாக இருப்பதால் சுமாரான நிறமாலையிலும் மடல்கள் பிரிந்து தெரியும். அடுத்து மைசிஎன் 18, அதன் டோரஸைக் கொண்டு சாய்வுக் கணக்கைப் பழக. எம்2-9-ஐக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடும் நாளில் முனைவாக்கப் படம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.